பாடசாலைக்குள் பெற்றோருக்கும் இடம் உண்டு

காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு முதலில் வேண்டியது ஒரு கூரை. அடுத்தது கூலிவேலை. பிள்ளையின் படிப்பு மூன்றாம் இடத்துக்குப் போய்விடுகிறது. பேராதனை, கண்டிப் பக்கத்தில் வாடகை அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கும் குடும்பத்துக்கும் இதுவே நேரலாம். ஒரு தவணை தவறினால் அடுத்த தவணையும் தவறும். பின் பிள்ளை கூலிவேலைக்குப் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1998 தை முதல் 5 தொடக்கம் 14 வயது வரையான பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது கட்டாயம். 2016இல் இந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. கல்வி இலவசமானது 1945இல். பாடநூல் 1980 முதலும், சீருடை 1993 முதலும் இலவசமாகக் கிடைத்தன. இவை தானம் அல்ல. உங்கள் பிள்ளையின் உரிமை.

விடுகைப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தரின் கடிதத்துடன் அதிபரைச் சந்தியுங்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

சேர்த்தால் மட்டும் போதுமா?

போதாது. அரச பாடசாலைகளில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அதிபர் அதன் தலைவர். ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் அதில் சேர்ந்திருப்பர். அங்கே உங்களுக்கு இடம் தருவது காணி உறுதி அல்ல, உங்கள் பிள்ளை. நல்ல உடுப்பு இல்லை, கையில் காசு இல்லை என்று கூட்டத்துக்குப் போகாமல் விடாதீர்கள். சங்கப் பணம் கட்ட முடியாவிட்டால் அதிபரிடம் தனியாகச் சொல்லுங்கள். கூட்டம் சிங்களத்தில் நடந்தால், மொழி தெரிந்த அயலவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

பெற்றோர் உள்ளே வந்தால் என்ன மாறும்? அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல வைத்தியர் 1968இல் இரண்டு ஏழைப் பாடசாலைகளில் இதைச் செய்து பார்த்தார். அவருடைய தாயும் வீட்டு வேலை செய்தவர்தான். அதிபர், ஆசிரியர், பெற்றோர் ஒரே குழுவாக அமர்ந்தார்கள். யார் மீதும் குற்றம் சுமத்துவதில்லை, பிரச்சினையைத் தீர்ப்பது மட்டுமே என்பது அவர்களின் விதி. பின்வந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் வரவும் படிப்பும் உயர்ந்தன.

அந்த விதியை நாமும் கைக்கொள்ளலாம். பிள்ளை ஏன் வரவில்லை என்று ஆசிரியர் கேட்டால் அதை ஏச்சாக எடுக்க வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள். மழையில் கொப்பி நனைந்தது, தாய் விடியமுன் வேலைக்குப் போகிறாள், தம்பியைப் பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்தால்தான் ஆசிரியரும் வழி தேட முடியும்.

விவசாயி என்ன கொடுக்கலாம்?

பாடசாலை மதிய உணவு 2024இல் 1 முதல் 5ஆம் ஆண்டு வரையான பிள்ளைகள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. பல பாடசாலைகளில் ஊர்ப் பெண்களே இதைச் சமைத்துக் கொடுக்கிறார்கள். உலக உணவுத் திட்டம் இப்படிச் சமைக்கும் பெண்கள் சிலருக்குக் கோழி வளர்க்கவும் வீட்டுத்தோட்டம் செய்யவும் உதவியது. சொந்தக் காணி இல்லாவிட்டாலும் சாக்கில் கீரையும் மிளகாயும் வளர்க்க உங்களுக்குத் தெரியும். பாடசாலைத் தோட்டத்துக்கு அந்த அறிவு தேவை. தகப்பன் மண்வெட்டியோடு பாடசாலைக்குள் வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கும் தலைநிமிர்வு உண்டாகும்.

மனக்காயத்தைக் கவனியுங்கள்

சில பிள்ளைகள் இரவில் திடுக்கிட்டு எழும், பேச்சைக் குறைத்துவிடும், பழகிய வயதுக்குப் பிறகும் படுக்கையை நனைக்கும். இது கெட்ட பழக்கம் அல்ல, அடிக்க வேண்டாம். முதலில் வகுப்பாசிரியரிடமோ ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரிடமோ சொல்லுங்கள். நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனையிலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இந்தத் தவணையில் மூன்று காரியம் செய்யுங்கள்: வகுப்பாசிரியரின் பெயரை அறியுங்கள், ஒரு கூட்டத்துக்காவது தாயோ தகப்பனோ போங்கள், அங்கே ஒரு வார்த்தையாவது பேசுங்கள். ஊர் திரும்பும் நாள் எப்போது வந்தாலும், பிள்ளை படித்த படிப்பு அதனோடு கூடவே வரும்.