உறுதியைப் பார்த்தோம், வீட்டைப் பார்த்தோமா?

பழைய சோனகத் தெருவில் முப்பது வருடமாக ஹாட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு விடயம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். வீட்டில் குடியிருக்கப் போகிறவர் வாங்கும் சாமான் வேறு, வீட்டை விற்கப் போகிறவர் வாங்கும் சாமான் வேறு. முன்னவர் பைப்பின் தடிப்பைக் கேட்பார், வயர் எந்தக் கம்பெனி என்று கேட்பார், அரை மணித்தியாலம் பேரம் பேசுவார். பின்னவர் வந்து வோல் புட்டி இரண்டு வாளி, மலிவான பெயின்ட் நான்கு வாளி, வெள்ளைச் சீமெந்து ஒரு பக்கற் என்று சொல்லிவிட்டு, "நாளைக்குள்ள காஞ்சிடுமா நானா?" என்று மட்டும் கேட்பார். நான்கு மாதம் கழித்து முன்பின் தெரியாத இன்னொருவர் சுவர் ஈரத்துக்கு மருந்து கேட்டு வருவார். சாமான் இறக்கப் போகும் பையன் திரும்பி வந்து, "அண்டைக்குப் பெயின்ட் இறக்கின அதே வீடுதான் ஹாஜியார்" என்பான்.

இதைச் சொல்லும் நானே அந்த இரண்டாவது ஆளாக நின்றிருக்கிறேன்.

2007ஆம் ஆண்டு மூத்த மகளின் கலியாணத்துக்கு வெல்லம்பிட்டியப் பக்கம் 7 பேர்ச்சஸ் காணியோடு ஒரு வீடு வாங்கினேன். விலை 52 இலட்சம் ரூபா. புறோக்கர் அஸர் தொழுகைக்குப் பிறகு அழைத்துப் போனார். தேநீரும் மஸ்கட்டும் வைத்தார்கள். ஹோலில் உட்கார்ந்து கதைத்த நேரம் போக வீட்டைப் பார்த்த நேரம் கால் மணித்தியாலம் இருக்கும். புதுப் பெயின்ட் வாசம் வீடெங்கும் வீசியது. பெயின்ட் விற்கும் எனக்கு அந்த வாசம் சந்தோஷமாக இருந்தது என்பதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அடுத்த நாள் முற்பணம் கொடுத்துவிட்டேன்.

உறுதி விடயத்தில் நான் அசட்டையாக இருக்கவில்லை. நொத்தாரிசு ஐயா காணிப் பதிவகத்தில் 30 வருடத்துப் பதிவுகளைத் தேடினார். ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, பங்காளிகள் இருக்கிறார்களா என்று எல்லாம் பார்த்தார். நில அளவையாளர் வந்து எல்லைக் கற்களைக் காட்டினார். கடதாசியில் ஒரு குறையும் இல்லை.

அந்த வருடம் ஒக்டோபர் மழையில் ஹோல் சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளித்து உரிந்தது. அதன் கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அது. அத்திவாரத்துக்கு மேல் ஈரத் தடுப்பு இல்லாமல் கட்டிய பழைய சுவர். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் நிற்காது. கூரையில் இரண்டு பீலிச் சந்துகள் ஒழுகின. மலசலகூடக் குழி பக்கத்து வீட்டோடு பொதுவானது என்பதைக் குழி நிரம்பிய அன்றுதான் அறிந்தோம். திருத்த வேலைகளுக்கு முதல் இரண்டு வருடத்தில் 6 இலட்சத்து 80 ஆயிரம் போனது.

இவற்றைவிடப் பெரிய விடயம் ஸ்டோர் அறையில் இருந்தது. பழைய ராக்கை ஒன்றைக் கழற்றியபோது அதன் பின்னால் பெயின்ட் படாத சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு மண்ணிறக் கோடு. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "அது எண்பத்தொன்பதாம் ஆண்டு தண்ணி, மகன். களனி கங்கை பெருக்கெடுத்த நேரம். உங்களுக்கு அவங்க சொல்லல்லயா?" என்று கேட்டார். 52 இலட்சம் கொடுக்கும் முன் அந்த மனிதரிடம் ஸலாம் சொல்லி ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது இலவசமாகக் கிடைத்திருக்கும் செய்தி.

நாம் ஏன் இப்படிச் செய்கிறோம்? கடைக்கு வரும் சரக்கை மூட்டை பிரித்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் எடுப்பதில்லை. ஐந்து இலட்சத்துக்கு வேன் வாங்கப் போனால்கூட மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறோம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கும்போது மட்டும் மனைவியையும் மச்சானையும் கூட்டிப் போகிறோம். விற்பவர் நம்மவர், பள்ளிவாசலில் ஒரே ஸப்பில் நிற்பவர், அவரது வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்ப்பது மரியாதையா என்ற கூச்சமும் உண்டு.

இன்னொரு தவறான நம்பிக்கை வங்கியைப் பற்றியது. "பேங்க் வெலுவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்" என்று சொல்பவர்கள் ஏராளம். வட்டிக் கடன் கொடுக்கும் வங்கியானாலும், முஷாரகா முறையில் பங்காளியாகச் சேரும் இஸ்லாமிய வங்கியானாலும், மதிப்பீட்டாளரின் முதல் வேலை அந்தச் சொத்தின் பெறுமதியை வங்கிக்குச் சொல்வது. நீங்கள் தவணை கட்டத் தவறி அவசரமாக விற்க நேர்ந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் அவர் எழுதுவார். பாதை அகலம், காணியின் அளவு, சுற்றாடல் விலை இவைதான் அவர் கணக்கு. அவர் ஏணி வைத்துச் சீலிங்குக்குள் ஏறுவதில்லை. ஏற வேண்டும் என்று நீங்கள் அவரிடம் கேட்கவும் இல்லை.

அமெரிக்கா போன்ற நாடுகளில் வீடு வாங்குமுன் அதைப் பரிசோதித்து அறிக்கை தருவதே ஒரு தனித் தொழில். அறிக்கை திருப்தி இல்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வார்கள். எமது நாட்டில் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. ஆனால் அந்த வேலை தெரிந்தவர்கள் எம்மிடையே தாராளமாக இருக்கிறார்கள்.

2013இல் இரண்டாவது மகளுக்கு வீடு தேடியபோது, ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அழைத்துப் போனேன். சிங்களவர், அரச கட்டிட வேலைகளில் முப்பது வருடம் நின்றவர். கூலி 12,000 ரூபா. கையில் டோர்ச், ஸ்குரூ டிரைவர், சட்டைப் பையில் ஒரு போளை. ஒரு போளை எதற்கு என்று நானும் சிரித்தேன்.

முதலில் பார்த்தது தெஹிவளையில் ஒரு மாடி வீடு. வெளியே நின்று பத்து நிமிடம் பார்த்தார். உள்ளே போய்க் கீழ்ச் சுவரை அளந்தார். மேல்மாடி அறையில் போளையைத் தரையில் விட்டார். அது தானாக உருண்டு வாசல் பக்கம் போய் நின்றது. ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக மேலே போகும் வெடிப்பைக் காட்டினார். பூச்சில் மயிர்போல் ஓடும் வெடிப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை, இப்படிச் சரிவாக, விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடித்தால் அத்திவாரம் இறங்குகிறது என்று விளக்கினார். ஒரு தட்டு வீட்டுக்குப் போட்ட அத்திவாரத்தின் மேல் பிற்காலத்தில் தூண் இல்லாமல் மாடி எழுப்பியிருக்கிறார்கள். மாநகர சபை அனுமதித்த வரைபடத்தைக் கேட்டோம். அதில் மாடியே இல்லை. கட்டிடம் அனுமதிப்படி கட்டப்பட்டது என்று உள்ளூராட்சி சபை தரும் இணக்கச் சான்றிதழும் இல்லை. ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

களுபோவிலையில் பார்த்த இரண்டாவது வீட்டில் மூன்று மணித்தியாலம் நின்றார். எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். யாரும் தண்ணீர் பாவிக்காத நேரத்தில் மீட்டரின் சிறிய சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நிலத்துக்குள் எங்கோ பைப் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து மேல் பாத்ரூமில் வேகம் குறைகிறதா என்று பார்த்தார். தரை டைல்களை நாணயத்தால் தட்டிப் பொந்துச் சத்தம் வரும் இடங்களைச் சோக்கால் குறித்தார். மின் பலகையில் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினார். அது விழவில்லை. கரண்ட் அடித்தால் உயிரைக் காக்க வேண்டிய சாதனம் சும்மா அலங்காரத்துக்கு இருந்தது. ஒரு சுவிட்ச் மூடியைக் கழற்றி உள்ளே பழைய வயர் என்றும், பிளக் பொயின்ட் இரண்டில் எர்த் வயர் இல்லை என்றும் காட்டினார். சீலிங்குக்குள் ஏறிக் கூரை மரத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். மூன்று மரங்களில் அது பாணில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. கறையான். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையை அடியால் அளந்தார், 50 அடிக்கு மேல் இருந்தது, தலையாட்டினார். கடைசியாக, முன் மதில் வீதி விஸ்தரிப்புக் கோட்டுக்குள் வருகிறதா என்று மாநகர சபையில் வீதிக் கோட்டுச் சான்றிதழ் எடுத்துப் பார்க்கும்படி சொன்னார். இது கடதாசி வேலைதான், ஆனால் நாளைக்கு வீதி அகலமானால் இடிபடப் போவது கடதாசியா, சுவரா?

வீட்டுக்காரர் வயதான ஒரு விதவைத் தாய். பட்டியலைக் காட்டியபோது அவரது முகம் மாறிவிட்டது. கறையான் இருப்பதே அவருக்குத் தெரியாது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீட்டில் பேரப்பிள்ளைகளோடு வருடக்கணக்காக இருந்திருக்கிறார். அவர் கேட்ட விலை 1 கோடி 60 இலட்சம். திருத்தச் செலவைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் 8 இலட்சம் அளவில் கணக்கிட்டார். என்னோடு வந்த உறவினர் ஒருவர் காதுக்குள், "இதுதான் சந்தர்ப்பம், இருபதாகக் குறையுங்க" என்றார். எமது வியாபாரிகளின் பலவீனம் இது. பரிசோதனை அறிக்கை என்பது உள்ள குறைக்கு உள்ள விலையைக் கழிப்பதற்கு. ஒரு தனிமையான மனுஷியைப் பயமுறுத்துவதற்கான கத்தியாக அதை எடுத்தால், குறையை மறைத்து விற்றவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? 8 இலட்சம் குறைத்து வாங்கினோம். குடிபோகுமுன் வயரை முழுதாக மாற்றினேன். அந்தச் செலவு கணக்கிட்டதைவிடக் கொஞ்சம் கூடியது, அதையும் சொல்ல வேண்டும்.

மலைநாட்டு வாசகர்கள் இதையெல்லாம் விட முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் பின்னால் உள்ள மண்மேட்டை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே இறங்கியதை மாவனல்லையில் உள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நடந்தது இன்னும் ஆறாத காயம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்திருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு வாங்குபவர் அங்கே கேட்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது. மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது, மேட்டில் புதிதாக ஊற்று வருவது, கதவுகள் திடீரென இறுகுவது எல்லாம் மண் நகர்வதன் அடையாளங்கள். அக்குறணைப் பட்டணத்தில் கடை வாங்குபவருக்குப் பிங்கா ஓயாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று சிலர் கேட்கிறார்கள். எமது நாட்டில் காணி, வீடு விற்பனையில் செல்லும் ரோமன்-டச்சுச் சட்டத்தில் மறைந்திருந்த குறைக்குப் பரிகாரம் உண்டு. கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு இல்லை. வழக்குப் போட்டால் எத்தனை வருடம் போகும் என்பதை வாசகர்களே அறிவீர்கள். ஷரீஅத்திலும் குறை தெரியாமல் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். மேலாகப் பார்த்துவிட்டுப் போகாமல் கையை உள்ளே விட்டார்கள் என்பதை நான் வீட்டு விடயத்தில் பட்ட பிறகுதான் யோசித்தேன்.

அந்தச் சம்பவம் என் பக்கமே திரும்பியது 2014இல். மகள் குடும்பத்தோடு கட்டாருக்குப் போகவே வெல்லம்பிட்டிய வீட்டை விற்க முடிவு செய்தோம். புறோக்கர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தண்ணிக் கதையை எடுக்க வேண்டாம் ஹாஜியார். அது இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்திய கதை." நான் மௌனமாக இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த ஆலோசனை பிடித்திருந்தது. இரவு சாப்பாட்டில் மனைவிதான் கேட்டாள், "நமக்கு அவங்க சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா?" என்று.

முதலில் வந்தவரிடம் ஸ்டோர் அறைக் கோட்டைக் காட்டினேன். அவர் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர் களனிப் பக்கத்து மனிதர். கோட்டைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, 95 கேட்ட வீட்டுக்கு 86 தருவதாகச் சொன்னார். கொடுத்தேன். அவர் அடுத்த வருடமே மேலே இரண்டு அறை கட்டினார், அதுவும் புதிதாகத் தூண் இறக்கி, பொறியியலாளரிடம் வரைந்து எடுத்து.

2016 மே மாதம் கொலொன்னாவை, வெல்லம்பிட்டியப் பகுதிகள் தண்ணீரில் மூழ்கிய வாரம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கீழ்த் தட்டில் தண்ணீர் நெஞ்சளவு, சாமான்களை மேலே ஏற்றிவிட்டோம், பிள்ளைகள் நலம், அல்ஹம்துலில்லாஹ் என்றார். பக்கத்து வீட்டுக் குடும்பமும் அவரது மேல்மாடியில்தான் இருந்ததாம். பேச்சின் கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஹாஜியார், அந்த மலசலகூடக் குழி ரெண்டு வீட்டுக்கும் பொதுவானது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். வெள்ளத்தைச் சொன்ன அன்று அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் மனைவியிடமும் சொன்னேன். தண்ணீர் வடிந்த பிறகு அவர் தனிக் குழி வெட்டினார், செலவு 84,000 ரூபா. பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். பத்திரத்துக்காக ஒரு கடிதம் எழுதி, இருவரும் கையொப்பம் வைத்து, பணத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.