கன் வாங்கும் முன் கம்ப்ரசரைப் பாருங்கள்

கிரில் கேட்டுக்கு ஸ்பிரே கன்னால் எனாமல் அடிப்பதைச் சற்று நேரம் கவனித்தால் போதும். கேட்டைவிட அதன் பின்னால் இருக்கும் சுவர்தான் அதிகம் பெயிண்ட் குடிக்கும். கம்பிகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் வெறும் இடம்தானே. கடையில் விலையையும் பிராண்டையும் விசாரிக்கிற நாம், அடிக்கப்போகும் பொருளின் உருவத்தைப் பற்றிப் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

ஸ்பிரே கன்னின் முன்னோர் ஒரு மருத்துவக் கருவி. அமெரிக்காவின் டொலிடோ நகரில் தொண்டை மருத்துவராக இருந்த ஆலன் டிவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தெளிக்க 1880களில் அதை உருவாக்கினார். அவர் மகன் தாமஸ்தான் பிறகு அதே உத்தியைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். 1920களில் கார்களுக்கு வந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், பிரஷ்ஷால் இழுத்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அதோடு கார் ஆலைகளில் கன்னின் ஆட்சி தொடங்கியது.

சாதாரண கன்னில் அழுத்தக் காற்று பெயிண்டைத் துளிகளாக உடைக்கிறது. அந்தக் காற்று தகட்டில் மோதிப் பக்கவாட்டில் திரும்பும்போது நுண்துளிகளையும் கூடவே அள்ளிக்கொண்டு போய்விடும். இப்படி அடிக்கும் பெயிண்டில் தகட்டில் தங்குவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். துளியை இன்னும் நுண்ணியதாக்கினால் சரியாகுமா? விட்டத்தைப் பாதியாக்கினால் ஒரு துளி எட்டாகும், மொத்தப் பரப்பு இரட்டிக்கும். தின்னர் வழியிலேயே ஆவியாகி, பெயிண்ட் தூளாகப் போய் ஒட்டும். தொட்டுப் பார்த்தால் சொரசொரக்கும்.

இதற்கு மாற்றாக வந்தது எச்.வி.எல்.பி. கன். முனையில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குள் அடங்கும். காற்றின் அளவு அதிகம், வேகம் குறைவு. அடிக்கும் பெயிண்டில் 65 சதவீதமாவது பொருளில் தங்க வேண்டும் என்று தென் கலிபோர்னியாவின் காற்று மாசு விதிகள் எதிர்பார்த்த அளவை இது எட்டியது. பீரோ, கார் கதவு போன்ற அகலமான தகடுகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதற்குக் காற்றுப் பசி அதிகம். பல எச்.வி.எல்.பி. கன்கள் நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்று கேட்கும். ஒரு ஹெச்.பி. கம்ப்ரசர் தருவதோ மூன்று, நான்கு. பீரோவின் முதல் கதவு பளபளக்கும். இரண்டாவது கதவுக்கு வருவதற்குள் அழுத்தம் விழுந்து, துளி பெருத்து, பரப்பு ஆரஞ்சுத் தோலாகிவிடும். பழி கன் மேல் விழும். பெரிய டேங்க் இருந்தால் கூடக் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் காற்றின் கணக்கு. வெளியே உண்மையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். சிறிய கம்ப்ரசர்தான் இருக்கிறது என்றால், குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி. கன் இருக்கிறது. வேலை மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

அடுத்த தலைவலி தண்ணீர். சென்னைபோல் 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில், நிமிடத்துக்கு 10 கன அடி காற்றை 7 பார் அழுத்தத்துக்கு இடைவிடாமல் அமுக்கினால், அது ஆறும்போது மணிக்கு 300 மில்லிக்கு மேல் தண்ணீர் பிரியும். அமுக்கிய காற்று முதலில் சூடாக இருப்பதால், கம்ப்ரசரின் வாயிலேயே ஈர வடிகட்டியை மாட்டினால் நீராவி அதைத் தாண்டிப் போய்க் குழாயில்தான் குளிரும். காற்று நன்றாக ஆறிய பிறகு, கன்னுக்குப் பக்கமாக மாட்டுவதே சரி.

பாலம், எண்ணெய்த் தொட்டி, பெரிய ஷெட் என்றால் ஏர்லெஸ். இதில் காற்றே கிடையாது. பெயிண்டையே 2,000 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தி ஊசித் துளை வழியாகத் தள்ளுகிறார்கள். கார் டயரில் இருப்பது சுமார் 32. இதன் முனையில் விரல் பட்டால் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலி இல்லையே என்று காத்திருக்காமல் உடனே அறுவை மருத்துவரிடம் ஓட வேண்டிய காயம் அது.

இனி அந்தக் கிரில் கேட். அதற்கு ஏற்றது மின்னேற்றம்தான். பவுடர் கோட்டிங் கன்னின் முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் இருக்கும். மின்னேற்றம் பெற்ற தூள், எர்த் செய்த கம்பியைத் தேடிப்போய்ப் பின்பக்கமும் வளைந்து ஒட்டும். சிந்தியதைச் சலித்து மறுபடி பயன்படுத்தலாம். உட்புற மூலைகளில் மட்டும் மின்புலம் நுழையாமல் தூள் இளைக்கும். பொருளைத் தொங்கவிடும் கொக்கியில் பழைய பூச்சு படிந்திருந்தால் எர்த்தே போய்விடும். பிறகு 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேக வேண்டும் என்பதால், அடுப்பின் அளவுதான் கேட்டின் அளவு. அதில் நுழையாத கேட்டுக்கு பிரஷ்ஷே போதும். சுவருக்கு எனாமல் அடிப்பதைவிட அது மலிவு.

டூ-பேக் பாலியூரித்தேன் அடிப்பவர்கள் பட்ஜெட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்கும் முக்கியக் காரணிகளில் ஒன்று. காற்றில் அபாய அளவு இருந்தாலும் வாசனை வராது. மூக்கில் கட்டும் துண்டு எதையும் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடியைத்தான் வாங்க வேண்டும். விலையில் அது கன்னையே மிஞ்சலாம்.