வேண்டியது மட்டும் – 9: மின்னஞ்சலை விட்ட பேராசிரியர்

போன வாரம் பரணில் கிடக்கும் சாமான்களை இறக்குவது பற்றிப் பேசினோம். உடைந்த நாற்காலியைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வந்துவிடும். நன்றாக நடந்துகொண்டிருக்கிற, நாலு பேர் மெச்சுகிற ஒரு காரியத்தை விடுவதுதான் கஷ்டம். குடியிருப்போர் சங்கக் கணக்கு, கோயில் கமிட்டி, பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழு என்று நம்மை இழுத்தடிக்கிற எதுவுமே கெட்ட காரியம் இல்லையே!

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக் கணினிப் பேராசிரியர் டொனால்டு கனூத்துக்கும் இதே சிக்கல்தான். 1962இல், அவர் இன்னும் மாணவராக இருந்தபோதே, ஒரு பதிப்பகம் கம்பைலர் (நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பற்றிப் புத்தகம் கேட்டது. 12 அத்தியாயங்களில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். எழுத எழுத அது ஏழு தொகுதித் திட்டமாகிவிட்டது. ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற அந்த வரிசையில் முதல் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் வந்தன. 1974இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதும் கிடைத்தது.

நான்காவது தொகுதி வரவில்லை. 1977இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு புரூஃப் வந்தது. பழைய ஈய எழுத்து முறை போய்ப் புதிய ஒளி அச்சு வந்திருந்த நேரம். கணிதக் குறியீடுகள் அவர் கண்ணுக்குச் சகிக்கவில்லை. அச்சுக்கோக்க நானே ஒரு மென்பொருள் எழுதிவிடுகிறேன் என்று கிளம்பினார். சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அப்படிப் பிறந்த ‘டெக்’ மென்பொருளைத்தான் உலகமெங்கும் கணிதக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வீண் வேலை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் புத்தகம் நின்றது நின்றதுதான்.

அந்த மென்பொருளிலிருந்து அவர் கழன்றுகொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இனிப் புது வசதி எதுவும் சேர்க்க மாட்டேன், பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன் என்று 1990இல் அறிவித்தார். பதிப்பு எண்ணைக்கூட 3.14, 3.141 என்று கணிதத்தின் பை (π) எண்ணை நோக்கி நகரும்படி வைத்தார். தான் இறந்த பிறகு பதிப்பு எண் பை ஆகிவிட வேண்டும். அதற்குப் பின் யாரும் கைவைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. நம்மில் பலர் ஒரு பொறுப்பை விடுவதும் இல்லை, செய்வதும் இல்லை. “பார்க்கலாம் சார்” என்று இழுத்துக்கொண்டே இருப்போம். எதுவரை செய்வேன் என்று அவர் கோடு கிழித்துவிட்டார்.

அதே 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலையும் நிறுத்தினார். ஊரில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், 1975 வாக்கிலேயே தொடங்கிப் பதினைந்து வருஷம் பயன்படுத்தி அலுத்துப்போனவர் அவர். வேண்டுமானால் தபாலில் எழுதுங்கள் என்றார். கடிதங்கள் சேர்ந்ததும் சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக உட்கார்ந்து பதில் எழுதுவார். 1993இல் வேலையிலிருந்தும் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்.

எல்லாவற்றையும் வெட்டவில்லை. புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் பரிசு தரும் வழக்கம் தொடர்ந்தது. அது புத்தகத்தோடு சேர்ந்த வேலை. வீட்டில் பைப் ஆர்கன் வாசிப்பதையும் விடவில்லை. 2018இல், தன் 80ஆவது பிறந்தநாளன்று, தான் அமைத்த ஆர்கன் இசையை ஸ்வீடனில் அரங்கேற்றக்கூட அவருக்கு நேரம் இருந்தது.

நான்காம் தொகுதியின் முதல் பாகம் 2011இலும் அடுத்த பாகம் 2022இலும் வந்தன. மின்னஞ்சலை விட்டு 21 வருஷம் கழித்துத்தான் ஒரு பாகம்! வேண்டாததைக் குறைத்தால் வேண்டியது மளமளவென்று முடிந்துவிடும் என்று ஆசை காட்டும் புத்தகங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. கனூத்துக்குத் தபால்களைப் பிரித்து அடுக்கிவைக்கச் செயலாளர் இருந்தார். நிரந்தர வேலையும் பெரிய பெயரும் இருந்ததால் அவருடைய ‘முடியாது’ எடுபட்டது. காலையில் டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, ஒன்பது மணிக்குள் பஸ் பிடிக்கிற பெண், தன் மேலாளரிடம் ‘முடியாது’ என்றால் என்ன நடக்கும்? அந்தப் பெண்ணுக்கு எதைக் குறைக்க இடமிருக்கிறது, வீட்டில் வேறு யார் எதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.