நடக்கத் தொடங்கியவர் ஏன் நிறுத்திவிடுகிறார்?



ஒரு பிரயாணத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களும் ஓட்டப்பந்தயம் வைத்துக்கொண்ட செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அன்று அன்னையவர்களே முந்தினார்கள். பின்னர், உடலில் சதை போட்ட காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். முன்னைய தோல்விக்கு இது ஈடாகிவிட்டது என்றார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தை கணவன் மனைவி பாசத்துக்கு உதாரணமாகவே நான் வகுப்பில் சொல்லி வந்தேன். உடல் நிறை பற்றிய தகவலும் அதில் இருப்பது என் வீட்டில் ஒரு பிரச்சினை வந்த பிறகுதான் உறைத்தது.

என் மனைவிக்குச் சீனி வியாதி என்று தெரியவந்ததும், தினமும் நடக்கும்படி டொக்டர் சொன்னார். பக்கத்து வீட்டுச் சகோதரியோடு சுபஹுக்குப் பின் புறப்பட்டார். அவரோ மெலிந்தவர், கைவீசி விறுவிறு என்று நடப்பவர். நாலாம் நாள் இவர் வாசற்படியில் உட்கார்ந்து, "முழங்கால் நோவுது, மூச்சு முட்டுது, எனக்கு இது சரிவராது" என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டார். சோம்பல் என்று நினைத்தேன், வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அது என் தவறு.

அமெரிக்காவில் எக்கெகாகிஸ், லிண்ட் என்ற இருவர் 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 25 பெண்களை நடை இயந்திரத்தில் 20 நிமிடம் நடக்கவிட்டார்கள். சராசரி வயது 43. சிலர் அளவான நிறையுள்ளவர்கள், மற்றவர்கள் பருத்தவர்கள். ஒரு தடவை அவரவர் விரும்பிய வேகம். மறு தடவை அதைவிட 10 வீதம் மட்டும் கூடுதலான வேகம். விரும்பிய வேகத்தில் இரு சாராரின் மனநிலையிலும் வித்தியாசம் இல்லை. வேகம் திணிக்கப்பட்டபோதோ பருத்தவர்களுக்கு மட்டும் இன்பம் குறைந்துபோயிற்று. வெறும் 10 வீதம்தான்!

காரணம் விளங்கக்கூடியதே. கனமான உடலை ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைக்கக் கூடுதல் பலமும் ஒட்சிசனும் தேவை. முழங்காலும் சுமக்கிறது. மூட்டுத் தேய்வுள்ள முதியோரிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வொன்றில், நிறையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் 4 கிலோ குறைவதாகக் கண்டார்கள். ஆகவே மெலிந்தவரின் வேகத்தை மற்றவருக்கு அளவுகோலாக்குவது அநியாயம். நடக்கும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச மூச்சு வராவிட்டால் வேகம் அதிகம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும்.

இனிச் சாப்பாடு. கலியாண வீட்டில் சவனைச் சுற்றி அமர்ந்து புரியாணியும் வட்டிலப்பமும் சாப்பிட்டுவிட்டு, பாவம் தீர்ப்பதுபோல் உடனே நடக்கப் போகிறவர்கள் உண்டு. கொழுப்பு உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். நெஞ்செரிவும் விலாப் பிடிப்பும் வந்து நடையே வெறுத்துப்போகும். பெரிய சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரம் கழியட்டும்.

இதற்கு நேர்மாறாக, சோற்றையும் பாணையும் அடியோடு நிறுத்திவிட்டு நடப்பவர்களும் இருக்கிறார்கள். தசைக்கு இலகுவான எரிபொருள் மாச்சத்தே. பருத்த உடலுள்ளவர்கள் மாச்சத்தை மிகவும் குறைத்தபோது, இரத்தத்தில் கீட்டோன் கூடக் கூட, பயிற்சியின்போது களைப்பும் கூடியதாக 2007இல் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது. சோற்றை விலக்கத் தேவையில்லை. பாதியாக்கி, மரக்கறியால் கோப்பையை நிரப்புங்கள். நிறை பெரும்பாலும் கோப்பையில்தான் குறைகிறது, பாதையில் அல்ல. இன்சுலின் ஏற்றுபவர்களும் சீனிக்கு மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடப்பதற்கு முன் டொக்டரிடம் கேட்க வேண்டும். சிலருக்குச் சீனி இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரும். பையில் இரண்டு டொபி இருக்கட்டும்.

தொடைகள் உரசிப் புண்ணாவதை வெட்கத்தால் யாரும் சொல்வதில்லை. அபாயாவுக்குள் நீளமான காற்சட்டை அணிந்தால் அது குறையும். றப்பர் செருப்பை விட்டு, மெத்தென்ற அடியுள்ள சப்பாத்தைப் போடுங்கள்.

என் மனைவி இப்போது அஸருக்குப் பின் என்னோடு நடக்கிறார். வேகம் அவருடையது, நான் முந்தினால் பின்னாலிருந்து கூப்பிடுவார். சென்ற வாரம் சந்தியடியில் திரும்புவோமா என்று கேட்டேன். "அந்தப் பாலம் வரைக்கும் போவோமே" என்றார்.