பின்னால் பிறந்தவன் மூத்தவனா?

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி, நள்ளிரவு கழிந்த வேளை. சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் இன்னும் தீராத ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம். முதற்பிள்ளை பிறந்தபோது மணி 12.25. பத்து நிமிடங் கழித்து இரண்டாவது பிறந்தபோது மணி 12.05! சாதகங் கணிப்பவர் இவ்விருவரில் எவனை மூத்தவன் என்று எழுதுவார்?

இதில் மாயம் ஏதுமில்லை. அன்றிரவு 12.30 ஆனதும் இலங்கையின் கடிகாரம் மீண்டும் 12 மணிக்குத் திருப்பப்பட்டது. ஆகவே அந்த அரைமணி நேரம் இருமுறை வந்துபோயிற்று.

மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே 25இல் நமது நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டதையும், அவ்வாண்டு அக்டோபர் 26இல் அரைமணி பின்னுக்கு வந்ததையும் நாற்பதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாம் அப்பொழுது பள்ளி மாணவர். நுவரெலியாக் குளிரில் இருள் பிரியுமுன் எழுந்த துன்பத்தை இன்றும் எண்ணினால் பல் கிட்டுகிறது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளோ பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஒரே தீவில் இரண்டு நேரம்! 2006இலேதான் இக்குழப்பம் ஓய்ந்தது.

சாதகத்தை விடுங்கள், கூலியைப் பார்ப்போம். 1996 மே 24 இரவு 10 மணிக்குக் காவலுக்கு வந்து மறுநாட் காலை 6 மணிக்குச் சென்றவர், கணக்கின்படி எட்டு மணி நேரம் நின்றவர். உண்மையில் நின்றது ஏழு. 2006 ஏப்ரல் 14 இரவு அவ்வாறே நின்றவரோ எட்டரை மணி நேரம் பனியில் விழித்திருந்தார். முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்துக் கூலி போட்டால், அரைமணி உழைப்பு எவர் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும்.

கணினிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், வாட்டும் அறையிலே பரப்பிய கொழுந்து எவ்வளவு நேரம் வாடியது என்று கணக்கிடும் செய்நிரல் ஒன்றை எழுதிக் காட்டினார். அரைநாளுக்குச் சற்று மேற்பட வேண்டிய வேலை அது. செய்நிரலோ கொழுந்து ஒன்பது ஆண்டுகள் வாடியதாகக் கூறிற்று! வகுப்பே சிரித்தது. பழைய கணினியின் மின்கலம் செத்து, அதன் திகதி பின்னே கிடந்திருக்கிறது. இடையில் இணையத் தொடர்பு கிடைத்ததும் கணினி தானாகவே நேரத்தைத் திருத்திக்கொண்டது. கழித்தலில் பிழையில்லை. கழிக்கப்பட்ட எண்களே வெவ்வேறு கடிகாரத்தைச் சேர்ந்தவை.

நம் முன்னோரின் நாழிகை வட்டிலை நினைவு கூருங்கள். அடியில் நுண்துளையுள்ள கிண்ணம் நீரில் மிதந்து, நிரம்பி, மூழ்கும். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், ஆயிற்று. இப்பொழுது மணி என்ன என்று அக்கிண்ணத்துக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் கழிந்தது என்பது மட்டுமே தெரியும். எந்த அரசாங்கம் எந்தக் கடிகாரத்தைத் திருப்பினாலும் அதற்குக் கவலையில்லை.

கணினிக்குள்ளும் அப்படியொரு வட்டில் இருக்கிறது. சுவர்க்கடிகாரம் போன்ற ஒன்று, திகதியும் மணியும் சொல்வது. அதை நாமும் இணையமும் முன்னும் பின்னும் தள்ளலாம். மற்றொன்று, இயந்திரம் உயிர்பெற்றது முதல் துடிப்புகளை எண்ணிக்கொண்டே போவது. அது ஒருபோதும் பின்வாங்காது. ஆகையால் ஆங்கிலத்தில் மொனோடோனிக் என்பர். லினக்ஸில் இது உண்டு. ஜாவாவில் நானோடைம் என்ற பெயரில் 2004இலேயே வந்தது. பைத்தனில் 2012இல் சேர்ந்தது. கால அளவு வேண்டுமிடத்தில் இதனையே கேட்க வேண்டும்.

அனுபவசாலிகளும் இதில் இடறியிருக்கிறார்கள். 2017 சனவரி முதலாந் திகதி நம் நேரம் அதிகாலை 5.30க்குச் சற்று முன்பாக, புவிச் சுழற்சியோடு பொருந்துவதற்காக உலகக் கடிகாரத்தில் ஒரு செக்கன் கூட்டப்பட்டது. நாம் போர்வைக்குள் கிடந்த அவ்வேளையில், கிளவுட்பிளேர் என்னும் பெரிய இணைய நிறுவனத்தின் சில கணினிகளில், கழிந்த நேரம் பூச்சியத்துக்குங் கீழே போய்விட்டது. அப்படியும் நேரும் என்று செய்நிரல் எதிர்பார்க்கவில்லை, தடுமாறி நின்றது. இணையப் பெயர்களைத் தேடித்தரும் அதன் சேவையில் ஒரு பகுதி பழுதுற்றது. அந்தச் செய்நிரல் எழுதப்பட்ட கோ மொழியில், அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த 1.9ஆம் பதிப்பு முதல், நேரத்தோடு துடிப்பெண்ணும் சேர்த்தே வைக்கப்படுகிறது.

வட்டிலுக்கும் குறையுண்டு. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் அது புதிதாக எண்ணத் தொடங்கும்; ஒரு கணினியின் எண் இன்னொன்றுக்குப் பொருந்தாது. லினக்ஸில் கணினி உறங்கும்போது அதன் எண்ணிக்கையும் உறங்கிவிடும். உறக்கத்தையும் சேர்த்தெண்ண வேறொரு வட்டில் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி மின்சாரம் போகும் மலைநாட்டில் இது சிறு காரியமன்று. ஆதலால் நாட்கணக்கான பதிவுகளுக்கு உள்ளூர் நேரத்தை விட்டு, கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொதுநேரத்தை எழுதிவைப்பதே தக்கது. அப்படி எழுதியிருந்தால் அந்த இரட்டையரில் மூத்தவன் 14ஆந் திகதி மாலை 6.25க்கும், இளையவன் 6.35க்கும் பிறந்தவராவர்.

நமது மாணவர் இப்பொழுது இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார். சென்ற வாரம் கணினியின் திகதியை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தோம். கொழுந்து பதினான்கு மணி நேரமே வாடியது.