சைக்கடெலிக் சிகிச்சைக்குப் பின் டைரி எழுதுவது ஏன்? குடும்பத்தார் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, எனக்கு நன்கு தெரிந்த ஒரு பெரியவர் பள்ளிவாசல் தூணருகே காத்திருந்தார்.

"ஹஜ்ரத், மெல்போர்ன்ல இருக்கிற மகன் லீவுல வந்திருக்கான். ஃபஜ்ரு தொழுதுட்டு வந்தா ஒரு நோட்டை எடுத்து வச்சு அரை மணி நேரம் எழுதுறான். முடிச்சதும் பெட்டியில வச்சுப் பூட்டிடுறான். கேட்டா, 'அங்கே ஒரு வைத்தியம் எடுத்தேன் அத்தா, அதுக்குப் பிறகு எழுதச் சொல்லியிருக்காங்க'ங்கிறான். அது என்ன வைத்தியம்? அந்த நோட்டை நான் எடுத்துப் படிக்கலாமா?"

மகனிடம் பேசினேன். பல ஆண்டுகளாக மனச்சோர்வு. மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் குணமாகவில்லை. கடைசியில் அங்குள்ள மனநல மருத்துவர் சைலோசைபின் சிகிச்சை அளித்திருக்கிறார். தந்தை, மகன் இருவருடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியாத வகையிலும் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வேறு வீடுகளிலும் இந்தக் கேள்வி எழலாம்.

இது என்ன சிகிச்சை?

சைலோசைபின் என்பது சிலவகைக் காளான்களில் இருக்கும் ஒரு பொருள். எல்.எஸ்.டி.யும் இதே இனத்தைச் சேர்ந்தது. இவற்றைச் 'சைக்கடெலிக்' என்பார்கள். உட்கொண்டவருக்குச் சில மணி நேரம் பார்வை, நேர உணர்வு, 'நான்' என்ற உணர்வு எல்லாமே மாறிப்போகும். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இதைத் தரலாம். கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனநோய்க்கு எம்.டி.எம்.ஏ. என்ற வேறொரு பொருளைத் தரவும் அப்போதே அனுமதி கிடைத்தது. ஆனால் அதே எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துத் துறை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் மறுத்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் இவை தடைசெய்யப்பட்டவை.

மார்க்கத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். போதை தருவது ஹராம். இதில் கருத்து வேறுபாடு இல்லை. வேறு வழியற்ற நோயாளிக்குத் தடுக்கப்பட்ட பொருளை மருந்தாகத் தரலாமா என்பது ஃபிக்ஹு நூல்களில் நீண்ட விவாதம். அதற்கு ஒரு கட்டுரையில் ஃபத்வா தர முடியாது. மருத்துவரின் அறிக்கையோடு, விவரம் அறிந்த ஆலிமிடம் நேரில் கேட்க வேண்டும். மருத்துவர் இல்லாமல், நண்பர்களோடு சேர்ந்து 'முயன்று பார்ப்பதை' யாரும் சிகிச்சை என்று எண்ண வேண்டாம்.

இந்தச் சிகிச்சைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் பல நாள் பேசித் தயாராவது. பிறகு, கண்ணை மூடிப் படுத்து, சிகிச்சையாளர்கள் உடனிருக்க, ஆறு முதல் எட்டு மணி நேரம் மருந்தின் பிடியில் இருப்பது. மூன்றாவது, கண்டதையும் உணர்ந்ததையும் அன்றாட வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும் இந்த மூன்றாம் கட்டத்தில்தான் நோட்டு வருகிறது.

எழுதச் சொல்வது ஏன்?

எல்.எஸ்.டி.யின் விளைவைக் கண்டறிந்தவர் ஆல்பர்ட் ஹோஃப்மன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தின் வேதியியலாளர். 1943 ஏப்ரல் 19 மாலை 4.20க்கு, கால் மில்லிகிராம் எல்.எஸ்.டி.யைத் தானே உட்கொண்டு ஆய்வக நோட்டில் குறிப்பு எழுதத் தொடங்கினார். மாலை ஐந்து மணிக்கு மயக்கம், பதற்றம், பார்வைத் திரிபு, சிரிக்க வேண்டும் என்ற உந்துதல் ஆகியவற்றைக் குறித்தார். அத்தோடு குறிப்பு நின்றுவிட்டது. கடைசிச் சொற்களையே மிகுந்த சிரமத்தோடுதான் எழுத முடிந்தது. சைக்கிளில் வீடு திரும்பியதையும், ஆறு மணி முதல் எட்டு மணி வரை கடும் நெருக்கடியில் இருந்ததையும் இரண்டு நாள் கழித்தே நோட்டில் சேர்த்தார்.

அனுபவத்தின் நடுவே எழுத முடியாது. தள்ளிப்போட்டால், கனவைப் போல அது கரைந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைலோசைபின் ஆய்வில் பங்கேற்றவர்களை, அன்றிரவே வீட்டில் அமர்ந்து நடந்ததை எழுதச் சொன்னார்கள். மறுநாள் பேச்சு அந்த எழுத்திலிருந்து தொடங்கும். நினைவை நம்பாமல் எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான்.

எழுதுவதால் மனத்துக்கு என்ன நன்மை? ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1986இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 46 கல்லூரி மாணவர்கள், தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையின் கடும் துயரத்தை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதிய அந்த நாட்களில் அவர்கள் மனம் கூடுதலாகக் கனத்தது. அதனால், எழுதி முடித்ததும் பிள்ளையின் முகம் வாடியிருந்தால் பதற வேண்டாம்.

பலனை மிகைப்படுத்தவும் கூடாது. 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த ஒரு மதிப்பீடு, இத்தகைய எழுத்தால் சராசரியாகக் கிடைக்கும் பலன் சிறியது என்றே சொன்னது. எழுதுவது ஒரு துணை. அது மருத்துவருக்கு மாற்று அல்ல.

"எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது"

இந்த மருந்துகள் காட்சிகளோடு சேர்த்து உறுதியையும் தருகின்றன. கண்டதெல்லாம் மறுக்க முடியாத உண்மை என்ற உணர்வு அது. ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் கிரிஃபித்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், வாழ்க்கையிலேயே பொருள் மிகுந்த ஐந்து அனுபவங்களில் அதுவும் ஒன்று என்றார்கள். அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மருந்தின் பிடியில் இருந்தபோது கடும் அச்சமும் வந்தது.

உறுதியாகத் தோன்றுவது உண்மையாகத்தான் இருக்க வேண்டுமா? ஹார்வர்டில் இருந்த வில்லியம் ஜேம்ஸ் என்ற தத்துவ அறிஞர், சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து பார்த்து 1882இல் அது பற்றி எழுதினார். மயக்கத்தில் இருந்தபோது பிரபஞ்சத்தின் ரகசியமே புரிந்துவிட்டதாகத் தோன்ற, தாள் தாளாகக் குறிப்புகள் சேர்ந்தன. தெளிந்த பிறகு எடுத்துப் படித்தால் பெரும்பாலும் பொருளற்ற சொற்கள்.

அந்தத் தாள்கள் கையில் இல்லையென்றால், "நான் உண்மையைக் கண்டேன், மறந்துவிட்டேன்" என்றே அவர் கடைசிவரை எண்ணியிருக்கக்கூடும். நோட்டின் முதல் பயன் இதுதான். கண்டதை அது காப்பாற்றி வைக்கிறது. அதோடு, ஆறிய மனத்தோடு அதைச் சோதித்துப் பார்க்கவும் வழி தருகிறது. சில வரிகள் சோதனையில் உதிர்ந்துவிடும். "அம்மாவின் மரணத்துக்கு நான் இன்னும் அழவே இல்லை" என்பது போன்ற ஒரு வரி, மூன்று மாதம் கழித்துப் படித்தாலும் அப்படியே நிற்கும். எது நிற்கிறதோ அதைத்தான் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மருந்தின் பிடியில் ஒளியைக் காணலாம், குரலைக் கேட்கலாம். அதை இல்ஹாம் என்றோ இறைச்செய்தி என்றோ எடுத்துக்கொள்ள இடமில்லை. தலாக், வேலையை விடுவது, சொத்தை எழுதிக் கொடுப்பது போன்ற முடிவுகளையும் அதை வைத்து எடுக்கக் கூடாது. முதல் சில வாரங்களில் பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம் என்று சிகிச்சையாளர்களே சொல்வது வழக்கம். தோன்றியதை நோட்டில் எழுதி, தேதி போட்டு, ஆறவிட வேண்டும்.

எப்படி எழுதுவது?

சிகிச்சைக்கு முன் ஒரு பக்கம் எழுதலாம்: இப்போது நான் எப்படி இருக்கிறேன், எதற்காக இந்தச் சிகிச்சைக்குப் போகிறேன், எதற்குப் பயப்படுகிறேன். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இதுவே அளவுகோல்.

சிகிச்சை நாள் இரவு, வந்த வரிசையில் எழுதினால் போதும். அழகான வாக்கியம் தேவையில்லை. விளக்கமும் வேண்டாம். "கிணறு. குளிர். அத்தாவின் செருப்பு" என்று துண்டு துண்டாக இருந்தாலும் சரி. எழுத முடியாதவர் செல்பேசியில் பேசிப் பதிவு செய்து பின்னர் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த வாரங்களில், ஒரு நாளைக்கு 15 அல்லது 20 நிமிடம். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. நான் கண்டது என்ன? அப்போது உணர்ந்தது என்ன? இப்போது அதைப் பற்றி நினைப்பது என்ன? மூன்றையும் கலக்காமல் எழுதினாலே பாதித் தெளிவு வந்துவிடும். கடைசியில், இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு செயல்: தங்கைக்குப் போன் செய்வது, காலையில் நடப்பது. மூன்று மாதம் கழித்து முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். எழுதும்போது தாங்க முடியாத கலக்கம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். பென்னிபேக்கரும் இதையே அறிவுறுத்துகிறார்.

பழைய நினைவு என்று வருபவை

சிலருக்கு இந்தச் சிகிச்சையில், சிறுவயதில் யாரோ தமக்குத் தீங்கு செய்தது போன்ற காட்சி வரும். இது மிகக் கவனமாகக் கையாள வேண்டிய இடம். எல்.எஸ்.டி.யின் தாக்கத்தில் இருப்பவர், பிறர் சொல்வதை எளிதில் உள்வாங்கிக்கொள்வதை ஒரு சிறு ஆய்வு காட்டியிருக்கிறது. மருந்து இல்லாமலேகூட நினைவு தவறும். எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவீதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை 24 பேரிடம் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் அதை முழுதாகவோ பகுதியாகவோ தம் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்.

அதற்காக, வந்ததெல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமைகள் உண்மை. அவற்றை மூடி மறைக்கும் வீடுகளும் உண்டு. எனவே நோட்டில் "இது நடந்தது" என்று எழுதாமல் "இப்படிக் கண்டேன்" என்று எழுதி, முதலில் சிகிச்சையாளரிடம் பேச வேண்டும். அந்தக் காட்சி ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட முடியாது. சந்தேகம் வருவதற்கு முன்பே இருந்த நினைவு, பிறர் அறிந்த செய்தி, மற்ற ஆதாரங்கள் வேறு கணக்கு.

வீட்டார் செய்ய வேண்டியது

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நோட்டைப் படிக்கலாமா? படிக்கக் கூடாது. பிறர் மறைத்ததைத் துருவி ஆராய்வதைக் குர்ஆன் (49:12) தடுக்கிறது. தகப்பன் என்பதால் அந்தத் தடை நீங்கிவிடாது. இன்னொரு காரணமும் உண்டு. யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தால், எழுதுபவர் படிப்பவருக்காக எழுதத் தொடங்கிவிடுவார். பிறகு அதில் உண்மை இருக்காது. இந்த எழுத்தின் பலன் யாரும் படிப்பதில் இல்லை. எழுதியபின் கிழித்துப் போட்டாலும் குற்றமில்லை.

நோட்டைப் பார்க்க வேண்டாம், ஆளைப் பாருங்கள். நாள்கணக்கில் தூக்கமில்லாமல் உற்சாகமாக இருப்பது, இரவு முழுதும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவது, தனக்கு மட்டும் செய்தி வருகிறது என்பது, இல்லாத குரல் கேட்பது, சாவைப் பற்றிப் பேசுவது. இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ இருந்திருந்தால், சிகிச்சைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆய்வுகளில் பொதுவாக அத்தகையவர்களைச் சேர்ப்பதில்லை. கல்யாணம் தடைபடும் என்று நாம் மறைக்கும் அந்த ஒரு செய்தி, பிள்ளையின் புத்தியையே பறிக்கக்கூடும்.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். "அப்ப நான் என்னதான் செய்யுறது ஹஜ்ரத்?" என்றார். "காலையில டீ போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சிட்டு வந்துடுங்க பாய். 'ராத்திரி தூங்குனியா'ன்னு மட்டும் கேளுங்க" என்றேன்.

மகன் மெல்போர்ன் திரும்பியதற்கு அடுத்த ஜும்ஆவில் அவரைப் பார்த்தேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் மகனே நோட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினானாம். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.