பொருளைக் கொடுத்தாயிற்று, பணம் எங்கே?

திருமணப் பரிசாக வந்த விலையுயர்ந்த கைக்கடிகாரம் அலமாரியில் சும்மா கிடக்கிறது. “எங்களிடம் கொடுத்து வையுங்கள், விற்றதும் பணம் தருகிறோம்” என்கிறது ஒரு கடை. நம்பிக் கொடுக்கிறீர்கள். மூன்று மாதம் கழித்து விசாரித்தால், “விற்றுவிட்டது, அடுத்த வாரம் பணம் வரும்” என்கிறார்கள். அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை.

இந்த நிலையில் சிங்கப்பூரில் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பொருள் யாருடையது?

‘கன்சைன்மென்ட்’ முறையில் கடை உங்கள் பொருளை வாங்குவதில்லை. உங்கள் சார்பில் விற்றுத் தருகிறது. எனவே, விற்கும்வரை பொருள் உங்களுடையது. விற்ற பிறகு, பேசிய தரகுபோக மீதித் தொகை உங்களுக்குச் சேரவேண்டும். எப்போது, என்ன விலைக்கு விற்றது என்று கணக்குக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால், கடையை நம்பி முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவரிடமிருந்து பொருளைத் திரும்பப் பெறுவது பொதுவாக இயலாது. உங்கள் வழக்கு கடையோடுதான்.

தாமதம் ஆபத்து

கடை நொடித்துப்போனால், விற்காத பொருளை ‘என்னுடையது’ என்று மீட்கலாம். விற்ற பணம் கடையின் கணக்கில் கலந்துவிட்டாலோ, மற்ற கடன்காரர்களோடு நீங்களும் காத்திருக்க நேரிடலாம்.

ஆகவே, முதலில் கெடு விதித்து எழுத்துமூலம் பணத்தைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் எழுத்துமூலம் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். இணையத்திலேயே மனுச் செய்யலாம். அங்கு வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை என்பதால் செலவும் குறைவு. அதற்கு மேற்பட்ட தொகை என்றால், 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது.

கடைக்காரர் நேர்மையின்றிப் பணத்தைக் கையாடியதாகத் தெரிந்தால் காவல்துறையில் புகார் செய்யலாம். எனினும், கடனை வசூலித்துத் தருவது காவல்துறையின் வேலையன்று.

கொடுக்கும் முன்

பொருளின் வரிசை எண், படங்கள், குறைந்தபட்ச விலை, தரகு, பணம் தரும் நாள், தொலைந்தால் யார் பொறுப்பு ஆகிய அனைத்தும் கையொப்பமிட்ட தாளில் இருக்கட்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். கடைக்காரர் தெரிந்தவர்தானே என்று தாள் கேட்கத் தயங்கினால், பிறகு நடுவர் முன்னால் காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது.